எங்கட கிளப்

“பொலிஸ் வந்து எங்கட பந்தைப் பறிச்சுக்கொண்டு போட்டுது” என்றார் ஜெர்மன் அக்கா.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நாங்கள் இருவரும் வேலை செய்த சான்ட்விச் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தோம். குளிரறைக்குள் நின்று ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே முட்டையும் வெள்ளரிக்காயும் வைத்து வைத்து என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தேன். நான் லண்டனுக்கு வந்து ஒரு குளிர்காலம்கூட முழுதாக முடியாத நேரம் அது. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“எந்தப் பொலிஸ் அக்கா? ஈஸ்ட் ஹாம் பொலிசோ?”

“இல்லைப் பிள்ளை. ஜெர்மனியில.”

“எப்ப?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “நான் பிறக்கிறதுக்கு முன்னம்.”

சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார். பகிடி விட்டதாகத் தெரியவில்லை. முகத்தில் உண்மையான கோபம் இருந்தது, அந்தப் பந்து இன்னும் திரும்பி வராததுபோல.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் நாங்கள் குடியிருந்த ஈஸ்ட் ஹாமில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஜெர்மனியில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்தபடியால் எல்லோருக்கும் அவர் ஜெர்மன் அக்கா. நல்ல உயரம். அகலமான கைகள், ஒரு கையை விரித்து வைத்தால் சாப்பாட்டுக் கோப்பை முழுவதும் மறைந்துவிடும். கோயிலுக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தாலும் காலில் விளையாட்டுச் சப்பாத்துத்தான். ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் கீழறையில் அவரும் அவர் கணவரும் இருந்தார்கள். மேலறையில் நானும் என் கணவரும். சமைக்கிற குசினி பொது. அக்காவின் கணவரை நாங்கள் அண்ணை என்போம். பெற்றோல் நிலையத்தில் வேலை. ஒருநாள் முழுவதும் அவர் பேசுவதை அக்கா ஒரு தேநீர் நேரத்துக்குள் பேசி முடித்துவிடுவார்.

பந்து பறிபோன கதையை அன்றைக்கே முழுதாகச் சொன்னார்.

மேற்கு ஜெர்மனியில் ஒரு நிலக்கரி ஊர். பெண்கள் உதைபந்து விளையாடுவது உடம்புக்கும் ஆகாது, மனதுக்கும் ஆகாது, பார்க்கவும் அழகில்லை என்று அந்த நாட்டில் அப்போது தடை போட்டிருந்தார்களாம். எந்தக் கழகமும் பெண்களுக்கு மைதானம் கொடுக்கக்கூடாது. அந்த ஊரில் சுரங்கத் தொழிலாளிகளின் மனைவிமாரும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து, கரிமேட்டுக்குப் பக்கத்தில் மாடு மேய்கிற ஒரு புல்வெளியில் விளையாடத் தொடங்கினார்கள். கப்டன், பேக்கரியின் பாண் வான் ஓட்டுகிற ஒரு பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பார்க்க வரத் தொடங்கியது. சனம் வந்ததும் பொலிசும் வந்தது.

“பந்தைக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு, எல்லாரும் வீட்டை போங்கோ எண்டார் பொலிஸ்காரர். எங்கட கப்டன் எங்களைப் பாத்து, விளையாடுங்கோ எண்டா. நாங்கள் விளையாடினம்.”

“பந்தில்லாமலோ?”

“பந்தில்லாமல். பாஸ் குடுத்தம். வெட்டினம். தலையால அடிச்சம். கோல் கீப்பர் பாய்ஞ்சு சேத்துக்குள்ள விழுந்தா. கோல் எண்டு சனம் கத்திச்சுது. அது கோல் இல்லையெண்டு மற்றப் பக்கம் சண்டைக்கு வந்தது. பொலிஸ்காரர் பந்தோட நிண்டபடி ஆளையாள் பாத்தினம். விளையாடக் கூடாதெண்டுதான் அவையளுக்குச் சட்டம். பந்தில்லாமல் ஓடக் கூடாதெண்டு இல்லை.”

“கடைசியில ஆர் வெண்டது?”

“நாங்கள்தான்” என்றார் அக்கா. “ஒரு கோல்.”

மணி அடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு குளிரறைக்குள் போனோம். அன்று முழுவதும் என் கை ரொட்டியில் இருந்தது; மனம் ஒரு கரிமேட்டுக்குப் பக்கத்தில் நின்றது.

பிறகுதான் கவனித்தேன். அந்தக் கிளப்பின் கதைகள் எல்லாமே அவர் வாயில் ‘நாங்கள்’தான். பக்கத்து ஊரில் தங்களைக் கல்லெறிந்து கலைத்ததைச் சொல்லும்போது நெற்றிப் பொட்டைத் தடவிக்கொள்வார். நீண்ட காலத்துக்குப் பிறகு தடையை எடுத்தார்களாம். எடுத்தபோதும் ஒரு பாதிக்கு அரை மணித்தியாலம்தான், பாரம் குறைந்த பந்துதான், ஆணி வைத்த சப்பாத்துப் போடக்கூடாது, குளிர்காலத்தில் விளையாடக்கூடாது என்றார்களாம். அதைச் சொல்லும்போது கையில் இருந்த அகப்பையை அப்படியே உயர்த்துவார். “குளிருக்க நாங்கள் கரி சுமக்கலாம், பால் கறக்கலாம், பந்து மட்டும் உதைக்கேலாதாம்.” இதெல்லாம் நடந்த காலத்தில் அவர் யாழ்ப்பாணத்தில் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர், அல்லது பிறக்கவே இல்லை.

ஒருமுறை பஸ்ஸில் வரும்போது கேட்டேவிட்டேன். “அக்கா, நீங்கள் அப்ப அங்கை இல்லைத்தானே. ஏன் நாங்கள் நாங்கள் எண்டு சொல்லுறியள்?”

அவருக்குக் கோபம் வரவில்லை. “எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவை பிள்ளை” என்றார்.

அப்போதுதான் அவர் அந்தக் கிளப்புக்குப் போன விதம் எனக்குத் தெரியவந்தது. எண்பதுகளின் நடுவில், கிழக்கு பெர்லின் வழியாகப் போன எங்கள் சனங்களோடு அவரும் போயிருக்கிறார். அகதி முகாம் கிடைத்தது அந்த நிலக்கரி ஊரின் எல்லையில். முகாம் வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் கழகத்தின் மைதானம். ஒருநாள் அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்க, வேலிக்கு மேலால் பந்து வந்தது. ஒரு கையில் ஈரத் துவாய். மற்றக் கையால் பந்தைப் பிடித்தார். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்தாட்ட அணியில் கோல் காத்தவர் அவர். பிடித்த வேகத்தில் மைதானத்தின் நடுவுக்கு எறிந்தார்.

பழைய கப்டன் அப்போதும் பாண் வான்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதோடு கிளப்பையும் நடத்திக்கொண்டிருந்தார். அவர் வேலிக்குக் கிட்ட வந்து, அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் இன்னும் பலமாக ஒரு பந்தை உதைத்தார். அக்கா பிடித்தார். பிறகு இன்னொன்று. ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது.

“பக்கத்தில ஒரு சின்னக் கதவு இருந்தது. அதைத் திறந்தவை. நான் போனன்” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

கிளப் அறையின் சுவர் முழுக்கப் பழைய படங்கள். கப்டன் ஒவ்வொரு படமாகக் காட்டிக் கையாலும் காலாலும் கதை சொல்லியிருக்கிறார். முகாமில் பாஷை படிப்பிக்க ஒருவரும் இல்லை. “ஜெர்மன் பாஷையில நான் முதல் படிச்சது அந்தக் கதையளைத்தான். அவை ‘நாங்கள்’ எண்டுதான் சொன்னவை. நானும் அப்பிடியே படிச்சிட்டன். வேற மாதிரிச் சொல்ல எனக்கு வராது.”

ஈஸ்ட் ஹாம் சனத்துக்கு இது நல்ல பகிடியாக இருந்தது. கடைகளில் அவரைக் கண்டால், “அக்கா, கிட்லர் வரேக்கையும் நீங்கள் கோலுக்குத்தான் நிண்டனீங்களோ?” என்று கேட்பார்கள். அக்காவும் சிரிப்பார். “அப்ப எங்கட கிளப் தொடங்கேல்லைத் தம்பி” என்று விளக்கமும் சொல்லுவார்.

அவரோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கு முழுதாகச் சிரிக்க முடியவில்லை. கண்ணால் கண்ட சில விடயங்கள் இருந்தன. குசினி மேல்தட்டிலிருந்து ஊறுகாய்ப் போத்தல் வழுகினால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கை மட்டும் போய்ப் பிடித்துக்கொண்டு வரும். பஸ் தரிப்பில் எல்லோரும் தூங்கி வழியும்போது இவர் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, பாதத்தின் முன்பக்கத்தில் பாரம் வைத்து நிற்பார். வலது கைச் சின்னவிரல் நேராக நிமிராது. அது எப்படி என்று கேட்டால், “அது நான் கவனமில்லாமல் பிடிச்சது” என்பார். நல்லது நடந்தால் நாங்கள், பிழை நடந்தால் நான்.

‘எங்களுக்கு இது புதுசில்லை’ என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. அதைச் சொன்னார் என்றால் அந்த இடத்தை விட்டு அவரை அசைக்க ஏலாது. ஒருமுறை வீட்டுக்காரர் வந்து, வீட்டை விற்கப் போகிறேன், மாத முடிவுக்குள் எல்லோரும் எழும்பவேண்டும் என்றார். என் கணவர் மறுநாளே கடையிலிருந்து மட்டைப் பெட்டிகள் கொண்டுவந்துவிட்டார். அக்கா அந்தப் பெட்டிகளைப் பார்த்தார்.

“தம்பி, உந்தப் பெட்டியளை மடிச்சு வையும். எங்களை ஊரெல்லாம் கலைச்சவங்கள். கலைச்ச உடன போறதெண்டா எங்கட கிளப்பே இருந்திராது.”

கவுன்சில் கந்தோருக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நாளைக்கு வா என்றார்கள், நாளைக்கும் போனார். வேறு இடம் போ என்றார்கள். அங்கேயும் போய் இருந்தார். கடைசியில் ஒரு பெண் அதிகாரி வெளியே வந்து, வீட்டுக்காரர் நினைத்தபடி எழுப்ப முடியாது, சட்டப்படி அவகாசம் தரவேண்டும் என்று விளக்கினார். அடுத்த கோடைகாலம்வரை அதே வீட்டில் இருந்தோம். பிறகு பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டுக்குச் சேர்ந்தே மாறினோம், அங்கேயும் அவர்கள் கீழறை, நாங்கள் மேலறை; அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான். அந்தக் கந்தோரின் பிளாஸ்டிக் கதிரையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், அந்தக் கட்டடமே அவரிடம் ஏதோ கேட்டு வந்து நிற்பதுபோல இருக்கும்.

சந்தேகம் வந்தது என் கணவரின் கூட்டாளி ஒருவரால். அவரும் ஜெர்மனியில் முகாமில் இருந்து வந்தவர். ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் கதையைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“நம்பேலாது. முகாமில இருக்கிற ஆக்கள் தங்கட மாவட்டத்தை விட்டு வெளிய போகக்கூடாதெண்டு அங்கை சட்டம். எல்லை தாண்டினாப் பொலிஸ் பிடிக்கும். இவ எப்பிடி ஊர் ஊராப் போய் மட்ச் விளையாடினவ?”

என் கணவர் அதை விடவில்லை. அக்கா குசினிக்கு வந்ததும் நேராகவே கேட்டார். அக்கா தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையைத் திரும்பக் கழுவினார்.

“எங்கட மைதானத்தில நடக்கிற மட்ச்தான் நான் விளையாடுறது” என்றார். “வெளியூர் மட்சுக்கு மற்றக் கீப்பர் போவா.”

முதல்முறையாக அவர் குரலில் சுருதி குறைந்ததைக் கேட்டேன். அவர் போனபிறகு, “உவ நல்லா அளக்கிறா” என்றார் என் கணவர். எனக்கும் மனதில் ஒரு முள் தைத்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததையெல்லாம் தான் விளையாடியதாகச் சொல்கிறாரோ?

பொய்யோ மெய்யோ, அந்தக் கோடைகாலத்தில் அவர் செய்த ஒன்றை நான் என் கண்ணால் கண்டேன். காலாலும் கண்டேன் என்று சொல்லவேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து ஒரு பூங்காவில் விளையாட்டு விழா வைத்தார்கள். ஆண்களுக்கு உதைபந்தாட்டம். அக்கா செயலாளரிடம் போய், பெண்களுக்கும் ஒரு மட்ச் வேண்டும் என்றார்.

“அக்கா, பெண்களுக்குத் தேசிக்காய்க் கரண்டி ஓட்டம் இருக்கு, சங்கீதக் கதிரை இருக்கு.”

“ஓம் தம்பி, அதுக்கும் வாறம். புட்போலுக்கும் வாறம்.”

“மைதானம் இல்லை அக்கா. நேரமும் இல்லை.”

“எங்களுக்கு இது புதுசில்லைத் தம்பி” என்றார் அக்கா.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ரோல்ஸும் வடையும் விற்ற கூடாரத்துக்குப் பின்னால் ஒரு புல்தரை இருந்தது. குழந்தை வண்டிகளை நிறுத்திக் கோல் ஆக்கினார். சான்ட்விச் தொழிற்சாலைப் பெண்கள், கணக்கியல் படித்த இரண்டு பெண்பிள்ளைகள், மன்னாரிலிருந்து வந்த ஒரு நேர்ஸ், ரோல்ஸ் விற்றுக்கொண்டிருந்த மாமி ஒருவர் என்று ஆட்களைப் பிடித்தார். நான் பஞ்சாபி உடுப்போடு வந்திருந்தேன். சால்வையைக் கழற்றி இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டவர் அவர்தான்.

“எனக்கு ஒண்டும் தெரியாது அக்கா.”

“பந்து வாற பக்கம் போ. பயந்து விலகாதே. மிச்சம் தானா வரும்.”

என் வாழ்க்கையில் அதுவரை ஒரு பந்தை நான் காலால் தொட்டதில்லை. முதல்முறை உதைத்தபோது சப்பாத்துத்தான் பறந்தது. இரண்டாம் முறை பந்து போனது. எங்கே போனது என்பது முக்கியமில்லை. ஒரு பாரமான பொருள் என் காலில் பட்டு, நான் நினைத்த பக்கமாய், நான் நினைத்ததைவிடத் தூரமாய்ப் போனது. மாமி விழுந்து எழும்பிச் சிரித்தார். அக்கா இரண்டு குழந்தை வண்டிகளுக்கு நடுவில் நின்றார். அவர் நிற்க, கோல் சின்னதாகிவிட்டது. பந்து எங்கே வரும் என்று எங்களுக்குத் தெரியுமுன்னே அவர் அங்கே போயிருந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த ஒருவரால் அப்படி நிற்க முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் செயலாளர் ஓடிவந்தார். ஆண்களின் மட்சைப் பார்க்க ஆளில்லை, சனம் முழுக்க இங்கே வந்துவிட்டது, தயவுசெய்து நிறுத்துங்கள் என்றார்.

“அவையைக் கோட்டுக்கு வெளியில நிண்டு பாக்கச் சொல்லும் தம்பி. உள்ளுக்கை வந்தா மிதிபடுவினம்.”

அடுத்த வருடம் பெண்கள் உதைபந்தாட்டம் விழாவின் நிகழ்ச்சிகளில் ஒன்றாக இருந்தது. அக்காவும் அண்ணையும் கனடாவுக்குப் போய், எங்களுக்குள் தொடர்பு விட்டுப்போன பிறகும் அது நடந்தது.

அவர் கனடாவுக்குப் போகுமுன் நடந்ததைத்தான் இனிச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒருநாள் அக்கா படிகளில் ஏறி எங்கள் அறைக்கே வந்தார். அவர் அப்படி வருவதில்லை. “எங்கட கிளப் லண்டனுக்கு வருது” என்றார். பார்க்கிங்குக்கு அப்பால் ஒரு மைதானத்தில் உள்ளூர்ப் பெண்கள் அணியோடு சிநேகபூர்வ மட்ச். பழைய கப்டனே தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு அண்ணையும் அக்காவும் வர, நானும் போனேன். என் கணவரும் வந்தார். அவர் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியும்.

பஸ் வந்து நின்றது. இளம் பெண்கள் பைகளோடு இறங்கினார்கள். அக்காவை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் புதியவர்கள். அக்கா மைதான ஓரத்தில் அசையாமல் நின்றார். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கடைசியாக நரைத்த தலையோடு ஒரு பெண் ஊன்றுகோலை ஊன்றி இறங்கினார். அக்காவைக் கண்டதும் ஊன்றுகோலைப் பஸ்ஸிலேயே சாய்த்துவிட்டு, நொண்டி நொண்டி நேராக வந்தார். கட்டிப்பிடிக்கவில்லை. அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்துத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்திப் பார்த்தார். நிமிராத சின்னவிரலைக் கண்டு ஏதோ சொல்லித் திட்டினார். அக்கா சின்னப்பிள்ளைபோல அதற்குச் சாட்டுச் சொன்னார். பிறகுதான் இரண்டு பேரும் அழுதார்கள்.

அவர்கள் இருவரும் உடுப்பு மாற்றும் அறைக்குள் போனதும் எங்களோடு நின்று பேசியவள் அணியில் நடுவில் விளையாடும் ஒரு பெண். நல்ல ஆங்கிலம். “நீங்கள் அவருடைய குடும்பமா?” என்று கேட்டாள். நான் ஓம் என்றேன். “அப்படியென்றால் அந்த மட்ச் உங்களுக்குத் தெரியும்தானே” என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்து, தெரியாது என்று விளங்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

பருவத்தின் கடைசி மட்ச். வென்றால் கிளப் மேல் பிரிவுக்குப் போகும். வெளி மாவட்டத்தில் ஒரு ஊர். வெளியூருக்குப் போகும் கீப்பருக்குப் பயிற்சியில் கை முறிந்துவிட்டது. அக்கா அதற்கு முன்பும் ஒருமுறை எல்லை தாண்டிப் போய் விளையாடிப் பிடிபட்டு அபராதம் கட்டியிருந்தார். இனிப் பிடிபட்டால் வழக்கு. ஆகவே கப்டன், நீ வராதே, தோற்றால் தோற்கட்டும் என்று சொல்லிவிட்டார். விடியக் காலையில் வானைத் திறந்தால் பாண் தட்டுகளுக்கு நடுவில் அக்கா உட்கார்ந்திருக்கிறார். இறங்கு என்று கப்டன் சத்தம் போட்டார். அக்கா இறங்கவில்லை. அவருக்கு அப்போது தெரிந்த அரைகுறை ஜெர்மனில், “பொலிஸ் எங்களை முந்தியும் கலைத்திருக்கிறது” என்று சொன்னாராம்.

“எங்கள் கப்டன் கதவைச் சாத்திவிட்டு வானை எடுத்தார்” என்றாள் அந்தப் பெண்.

இரண்டாம் பாதியில் பொலிஸ் வந்தது. யாரோ பார்வையாளர் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். தான் விசில் ஊதும்வரை கோட்டுக்குள் ஒருவரும் வரக்கூடாது என்று நடுவர் சொல்லிவிட்டார். பொலிஸ்காரர் சுற்றி நடந்துபோய்க் கோல் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். கடைசிப் பத்து நிமிடம் பந்து அக்காவின் பக்கத்தை விட்டுப் போகவேயில்லை. பின்னால் பொலிஸ், முன்னால் பந்து. ஒன்றும் உள்ளே போகவில்லை. விசில் ஊதியதும் அணி முழுக்க அவரை நோக்கி ஓடியது. அவர் கையுறைகளைக் கழற்றிக் கப்டனிடம் கொடுத்துவிட்டு, வலையைச் சுற்றி நடந்துபோய்ப் பொலிஸ்காரருக்கு முன்னால் நின்றார்.

வழக்கு நடந்த அன்று கிளப் முழுக்க நீதிமன்ற வாசலில் நின்றது. அபராதம் விதித்தார்கள். சில மாதங்களில் அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதற்காகத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கிளப் மேல் பிரிவுக்குப் போனது. அதில் ஒரு மட்ச்கூட அக்கா விளையாடவில்லை.

நாங்களோ, கலியாணம் சரிவந்தபடியால் அவர் லண்டன் வந்தார் என்று நினைத்திருந்தோம். அண்ணையைப் பார்த்தேன். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அடுத்த பருவத்திலிருந்து அவர்களை ஊரின் பெரிய ஆண்கள் கழகம் தன்னோடு சேர்த்துக்கொள்ளப் போகிறது. நல்ல மைதானம், நல்ல பயிற்சி எல்லாம் கிடைக்கும். பெயர் மட்டும் இருக்காது. சொந்தப் பெயரில் விளையாடும் கடைசி மட்ச் இது. அதை லண்டனில் வைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் கப்டன்.

அறைக் கதவு திறந்தது. ஜெர்மன் அக்கா கீப்பரின் ஜெர்சியோடு வெளியே வந்தார். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. ஜெர்சி வயிற்றில் இறுகிப் பிடித்தது. அந்த இளம் பெண்கள் இரண்டு பக்கமும் விலகி அவருக்கு வழி விட்டார்கள். அவர் எங்களைப் பார்க்கவில்லை. கோலுக்குப் போய், இரண்டு கம்பங்களையும் ஒருமுறை தொட்டுவிட்டு, நடுவில் நின்றார்.

நான் அன்றுவரை அவரைக் குழந்தை வண்டிகளுக்கு நடுவில்தான் கண்டிருந்தேன். உண்மையான கோலில், உண்மையான அடிகளுக்கு முன்னால் அவர் யார் என்று அன்றைக்குக் கண்டேன். உடம்பு பழையபடி கேட்கவில்லை. எழும்பும்போது முழங்காலில் கை ஊன்றினார். ஆனால் பந்து வரும்போது அந்த உடம்பு எங்கிருந்தோ நீண்டது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தேன். என் கணவர்.

மட்ச் தோல்வி. இரண்டு கோல் விட்டார். முடிந்ததும் எல்லோரும் தேநீருக்குப் போக, அக்காவும் கப்டனும் மட்டும் கோல் வாசலில் நின்றார்கள். இரண்டாவது கோல் எப்படிப் போனது என்று வாக்குவாதம். கப்டன் ஊன்றுகோலால் தரையில் கோடு கீறி, நீ இங்கே நின்றிருக்கவேண்டும் என்கிறார். அக்கா இல்லை என்று கைகளை விரிக்கிறார். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். அவர்கள் கேட்கவில்லை. வருடக்கணக்கில் காணாத இரண்டு பேர், இனி இல்லாமல் போகப்போகிற ஒரு கிளப்புக்காக, முடிந்துபோன ஒரு கோலைப் பற்றி விடாமல் சண்டை பிடித்தார்கள். உலகத்தில் அதைவிடப் பெரிய விடயம் அந்த நேரம் இருந்ததாக எனக்கும் தோன்றவில்லை.

ரெயினில் திரும்பி வரும்போது அக்கா ஜெர்சியைக் கழற்றவில்லை. மேலே கோட்டைப் போட்டிருந்தார். சின்னவிரல் வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அந்த மட்சுக்குப் போகாமல் விட்டிருந்தா நீங்கள் இப்ப ஜெர்மனியில இருந்திருப்பியள், என்ன அக்கா?”

“இருந்திருக்கலாம்.”

“கவலை இல்லையோ?”

“இல்லையெண்டு சொன்னாப் பொய் பிள்ளை. கன நாள் அழுதனான்.” ஜன்னலைப் பார்த்தார். “பொலிஸ்காரர் பின்னால வந்து நிண்ட உடன எனக்குக் கால் நடுங்கினது. மூச்சு விடுற சத்தம் கேக்கிற அளவு கிட்ட நிண்டவர். ஆனா பந்து வரேக்க நடுங்கேல்லை. அண்டைக்கு விளையாடின மாதிரி நான் ஒருநாளும் விளையாடேல்லை.”

“எல்லாக் கதையும் சொன்னியள். இதை மட்டும் ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை? சனம் உங்களைப் பொய்க்காரி எண்டு சிரிச்சதுதானே.”

அக்கா கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

“சொன்னா நீங்கள் என்ன நினைப்பியள்? அவையளாலதான் இவவுக்கு இருந்த இடமும் இல்லாமல் போனதெண்டு நினைப்பியள். என்னைப் பற்றி என்னவும் கதைக்கட்டும். எங்கட கிளப்பை ஒருத்தரும் அப்பிடி நினைக்கக்கூடாது.”

எதிர் இருக்கையில் இருந்த என் கணவர் தொண்டையைச் செருமினார். கத்திக் கத்திக் குரல் அடைத்திருந்தது. “ஆரும் அப்பிடி நினைக்க மாட்டினம் அக்கா” என்றார்.

அவர் மெய்யாகத்தான் சொல்கிறாரா என்று அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். வீங்கிய விரலை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டு, அண்ணையின் தோளில் சாய்ந்து, ஈஸ்ட் ஹாம் வரும்வரை நித்திரை கொண்டார்.